யாரும் பார்க்காத ஆட்டம்

டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, மார்லிஸ் பின்வாசல் வழியாகத் திருடியைப் போல வெளியேறினாள். அவளுடைய கணவர் சாலையில் பனி தள்ளும் வண்டியோட்டப் போயிருந்தார். டிவிக்கு மேலே சின்னச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்ததை அவசரத்தில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பயமெல்லாம் பக்கத்து வீட்டு கொலீனை நினைத்துத்தான். டுலூத் நகரக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு ரசிகர் சங்கம் உண்டு, அதற்குத் தலைவி அவள். போன வாரம் எல்லாரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"இந்த ஆட்டத்தையும் டிவியில யாரும் பாக்கலைன்னா, அடுத்த வருஷத்துல இருந்து நம்ம பொண்ணுங்களைக் காட்டவே மாட்டாங்களாம். அதனால ஒருத்தரும் அரங்கத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. எல்லாரும் வீட்டுல உக்காந்து டிவியைப் போடுங்க, கணக்கு ஏறட்டும்."

மார்லிஸும் கையடித்தவள்தான். ஆனால் மகள் டெஸ்ஸா சொந்த ஊர் அரங்கத்தில் ஆடப்போகும் கடைசி ஆட்டம் இது. இந்த ஆட்டத்தன்று பெற்றவர்கள் கையில் பூங்கொத்தோடு, மகளோடு சேர்ந்து ஆடுகளத்துக்குள் நடந்து வருவது வழக்கம். அதையும் சங்கம் இந்த வருடம் வேண்டாமென்று சொல்லிவிட்டது.

மத்தியானம் டெஸ்ஸா போன் செய்திருந்தாள்.

"நிஜமாவே யாரும் வர மாட்டீங்களாம்மா?"

"எல்லாம் உங்களுக்காகத்தான்டி. டிவியில பாக்கிறோம்ல."

"சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் 'சரிம்மா' மார்லிஸை வீட்டில் உட்காரவிடவில்லை.

அரங்கத்தில் மொத்தக் கூட்டத்தையும் ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம். பந்து தரையில் படும் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வந்தது. மார்லிஸ் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். சத்தியத்தை மீறியது நெஞ்சை உறுத்தியது. வீட்டில்தான் டிவி ஓடுகிறதே, என்ன குறைந்துவிடப் போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் டெஸ்ஸா தொலைவிலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. தன்னை மறந்து எழுந்து நின்று கத்திய மார்லிஸ், எதிரே கேமரா தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்ததும் சட்டென்று குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டினாள்.

அடுத்த வாரம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கம் கூடியது. காபியும் எலுமிச்சை கேக்கும் சுற்றி வந்தன. மார்லிஸ் யார் முகத்தையும் பார்க்காமல் மூலையில் இடம் பிடித்தாள்.

கொலீன் விடுவதாயில்லை. "வீட்டுல டிவி அந்த அலறு அலறுது, மார்லிஸ் நம்மளை விட அக்கறையா பாக்கிறாளேன்னு நெனச்சேன். பார்த்தா, என் டிவிக்குள்ள தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறா."

எல்லாரும் சிரித்தார்கள். மார்லிஸுக்குக் காது மடல் வரை சூடேறியது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், உள்ளூர் சேனலில் விளையாட்டுப் பிரிவில் வேலை செய்யும் வெர்ன் உள்ளே வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கணக்கு வந்துடுச்சு. சைபர். அடுத்த வருஷம் அந்த நேரத்துக்கு மீன்பிடி நிகழ்ச்சி போடறாங்க."

"சைபரா? நாங்க இத்தனை பேரு கண் கொட்டாமப் பாத்தோமே" என்றாள் கொலீன்.

"நீங்க பாத்தது கணக்குலயே சேராதும்மா. கணக்கெடுக்கிற பெட்டி வச்ச வீட்டுல பாத்தாத்தான் சேரும். இந்த ஊர்ல விரல்விட்டு எண்ணுற வீட்டுலதான் அது இருக்கு. யாரு வீடுன்னு எங்களுக்கே தெரியாது. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு அவங்ககிட்ட எழுதியே வாங்கிடுவாங்க."

"அந்த வீட்டுல ஒருத்தர்கூடவா டிவி போடலை?"

"டிவி ஓடினா மட்டும் பத்தாது. பெட்டியில சிவப்பு விளக்கு மினுக்கினா, நான்தான் பாக்கிறேன்னு ஆள் உக்காந்து பட்டனை அமுக்கணும். இல்லைன்னா ஆளில்லாத வீடுன்னு தள்ளிடும். அப்படி ஒரே ஒரு வீடு ஒழுங்கா பாத்திருந்தாக்கூட, இந்தச் சின்ன ஊருக்கு நல்ல கணக்கு வந்திருக்கும்."

காலி நாற்காலிகளுக்கு முன்னால் பெண்களை ஆடவிட்டதுதான் மிச்சம் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மார்லிஸ் கையிலிருந்த தட்டை மடியில் வைத்தாள். "எல்லாம் என்னாலதான்" என்றாள்.

"போடி பைத்தியம்." கொலீன் வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "பெத்த மனசு கேக்கலை, போயிட்ட. சொல்லப்போனா உன்னை மாதிரி நாங்களும் வந்திருக்கணும். உன் ஒரு வீடு பாக்காததாலயா இப்படி ஆயிடுச்சு?"

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி அவள் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தாள். மார்லிஸுக்கு அந்த அன்பைத் தாங்கவே முடியவில்லை. அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அந்தப் பெட்டியை வச்சுக்கிட்டு நம்ம பொண்ணுங்களைக் கவுத்தவங்க யாருன்னு மட்டும் தெரியட்டும்" என்று பல்லைக் கடித்தாள் கொலீன். "நடுத்தெருவுல நிக்க வச்சு நாலு வார்த்தை கேப்பேன்."

மார்லிஸ் தன் தோளிலிருந்த கொலீனின் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"கேளு கொலீன். பெட்டி எங்க வீட்டுலதான் இருக்கு."