சாக்கு நிறைய ராக்கெட்

“எடுத்துக் கொட்டுடி!” என்று ராஜமாணிக்கம் கத்தியதும், அவர் மனைவி பவானி சிமென்ட் சாக்கைக் கவிழ்த்தாள். புகாரை விசாரிக்கத் தெருவுக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டரின் காலடியில் பதினேழு ராக்கெட்டுகள் விழுந்தன.

ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமை முழ நீளம் வெட்டி, நுனியை டேப்பால் அடைத்து, அட்டையில் வால் ஒட்டியவை. பிளாஸ்டிக் குழாயில் செருகி, சைக்கிள் பம்பால் காற்றடித்துத் திறந்துவிட்டால் சீறிக்கொண்டு போகும். பக்கத்து வீட்டு ஜெயராணி டீச்சர் சாயங்காலம் மொட்டைமாடியில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். கடலூரில் அந்தத் தெருவுக்கே தெரியும்.

“அரையடி நெலத்துக்கு ஏழு வருஷம் முன்னாடி இவுங்க மேல நான் கேஸ் போட்டேன்ல, அந்தக் கடுப்பு சார். சிதம்பரத்துல வேலைய முடிச்சிட்டு வந்து பாத்தா, எங்க பக்கம் காம்பவுண்டு செவுத்துக்கு அடியில ரெண்டு கெடக்குது. தெனம் அதே எடம். குறி பாத்து வுடுறாங்க!” என்றார் ராஜமாணிக்கம்.

“எம் புள்ளைங்க மாடியிலேருந்து வுடுறது தெருக்கோடி வரைக்கும் போவும் சார். சத்தியமா இது எங்களுது இல்ல” என்றார் டீச்சர்.

“நடிக்காத! வுட்டது யாரா இருந்தாலும் தெரு பாக்கக் கையெடுத்துக் கும்புட்டு மன்னிப்புக் கேக்கணும். எழுதியும் குடுக்கணும். இல்லன்னா கேஸ்தான்.”

கேஸ் என்று வந்தால் டீச்சரின் தனியார் பள்ளிக்கூட வேலைக்கே உலை. ராஜமாணிக்கத்துக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மிரட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு வெயிலில் நின்று அலுத்துவிட்டது. “ஒரு கையெழுத்துப் போட்டு முடிச்சிடுங்க டீச்சர். எதுக்கு வம்பு?”

டீச்சர் பேனாவை வாங்கினார். செய்யாத தப்புக்குக் கும்பிட வேண்டுமே என்ற அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. வாசல்தோறும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ராஜமாணிக்கத்துக்கு ஏழு வருஷத்து வயிற்றெரிச்சல் அப்போதுதான் அடங்கியது. “அந்தப் பொம்பளைக்கு ஒரு பாடம் கத்துக்குடுக்கணும்” என்று தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்லி வந்தவர், ஜெயித்த முகத்தோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

பவானி பக்கத்தில் இல்லை. பதினெட்டு வருஷமாக அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், விறுவிறுவென்று போய் டீச்சர் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினாள்.

“அவுங்கள வுட்டுடுங்க சார். மாடியில அவுங்க சொல்லிக்குடுக்கறதப் பாத்து நானும் செஞ்சு பாத்தேன். நான் வுட்டதுல ஒண்ணுகூட செவுத்தத் தாண்டல!”