மின்னாத குழாய்

"மூணாவது தடவையும் மின்னல, மேடம்."

"அப்போ மூணாவது தடவையும் நீங்க சாயம் ஊத்த மறந்துட்டீங்கண்ணே!"

டாக்டரம்மா கணினித் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினார். ஐந்து மணிக்கு ஆய்வுக்கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எட்டு வருட உழைப்பு அதோடு சரி.

வெள்ளணுக்களின் மேல் ஓர் ஏற்பிப் புரதம் இருக்கிறது. கதவுக்குக் கைப்பிடி மாதிரி. ஒரு பொல்லாத கிருமி அதைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. அந்தக் கைப்பிடியே இல்லாமல் பிறந்த ஒரே ஓர் ஆள் கிடைத்தால் போதும், ஆய்வு பிழைத்துவிடும். நாலாயிரம் பேரின் ரத்தத்தில் சாயம் ஊற்றிப் பார்த்தாயிற்று. சாயம் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு, அத்தனையும் ஜகஜ்ஜோதியாக மின்னித் தொலைத்தன.

"எனக்கு மாப்பிள்ளை தேடவே மூணு மாசம்தான் ஆச்சு. அதுவும் சுமாராத்தான் அமைஞ்சுது," என்றார்.

லேப் டெக்னீஷியன் சிரிக்கவில்லை. கூடம் மூடினால் அவருக்கும் வேலை போய்விடும். "கடைசியா வந்தவர் ரத்தம் பளிச்னு மின்னுது மேடம். அதே சாயம்தான். ஒப்பிட்டுப் பார்க்க வெச்ச இந்தக் குழாய் மட்டும்தான் இருட்டா இருக்கு."

ஒப்பீட்டுக்கு எப்போதும் ஸ்டோர்காரர்தான் கையை நீட்டுவார். இன்று அவர் லீவு. காலையில் அவசரத்துக்குக் கிடைத்த ரத்தம் இது.

"அண்ணே, அந்த உடம்பைப் பத்தி எனக்குத் தெரியாதா? தூறல் போட்டாலே ஜலதோஷம். ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கும். மண்டையிலயும் பெரிசா ஒண்ணும் இல்ல. அதுல போய் அதிசயம் இருக்குமா? கொட்டிட்டு வாங்க."

"பாவம் மேடம், இப்படியா மட்டம் தட்டுவீங்க?"

"உள்ளதைத்தானே சொன்னேன்! வாட்ச்மேன்ல இருந்து என் மாமியார் வரைக்கும் பார்த்தாச்சு. யாரை விட்டுவெச்சோம், சொல்லுங்க?"

குழாயைப் பிடுங்கிக்கொண்டு கழிவுத் தொட்டியை நோக்கி நடந்தார். டெக்னீஷியன் குறுக்கே வந்து நின்றார்.

"ஒரே ஒருத்தரை விட்டுட்டோம், மேடம். காலையில அவங்கதான் கையை நீட்டினாங்க. ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க."

டாக்டரம்மா அப்படியே நின்றார். மடித்துவிட்டிருந்த கோட்டுக் கைக்குக் கீழே, அவருடைய முழங்கை மடிப்பில், காலையில் ஒட்டிய பஞ்சு இன்னும் இருந்தது.