ஆறு மணி நாடகம்

"டிவியில நாடகம் போட்டுடுவான். நான் கிளம்பறேன்."

ஆறு அடித்ததும் டீம் லீடர் குவாக் கோட்டை மாட்டிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார்.

லிஃப்ட் கதவு மூடும் வரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை மின்கியு கொட்டித் தீர்த்தான்.

"சோரா அக்கா, நாடகம் நேத்தே முடிஞ்சு போச்சு. மத்தியானம் சாப்பிடறப்போ எல்லாரும் அதோட முடிவைப் பத்தித்தானே பேசினோம்? இவர் காதுல விழலையா?"

"யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டே சாப்பிட்டாரு" என்றாள் சோரா.

"பொய் சொல்றதுன்னு ஆச்சு, அதையாவது ஒழுங்கா சொல்லக் கூடாதா? சோஜு சாராயக் கடைக்குத்தான் போறாரு. எழுதி வச்சுக்குங்க."

அந்த நாடகம் சியோலையே ஓர் ஆட்டு ஆட்டி வைத்திருந்தது. ஆபீஸ் கதைதான். அதில் வரும் மேனேஜர் ராத்திரி வரை நாற்காலியை விட்டு அசைய மாட்டான். அவன் எழுந்திருக்காமல் மற்றவர்கள் எப்படி எழுந்திருப்பது? கடைசி நாளன்று ஒரு கிளார்க் பெண் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, "நான் வீட்டுக்குப் போறேன்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். ஊரே அழுதது. அழுது முடித்து, மறுநாள் ஆபீசுக்கு வந்து, தன் மேனேஜர் எப்போது எழுந்திருப்பார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது ஐம்பது வயது மனிதர் சீரியல் சாக்கில் நழுவுகிறாரே என்று சோராவுக்கு எரிச்சல். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேதான் எரிச்சல்பட்டாள். ஏழரைக்குள் அவள் குழந்தைகள் காப்பகத்தில் இருக்க வேண்டும். நாலு வயது மகள் பொம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து ஜி.எம். பெக் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து குனிந்து வணங்கினார்கள்.

"குவாக் எங்க?"

ஜி.எம்.மின் பார்வை சோராவிடம் வந்து நின்றது.

"நாடகம் பார்க்கணும்னு கிளம்பிட்டாரு சார்."

"நாடகமா?"

"ஆமாம் சார். தினமும் இப்படித்தான்."

அந்த 'தினமும்' தேவையே இல்லை. எரிச்சலில் வந்துவிட்டது.

ஜி.எம். காலி நாற்காலியை ஒரு தரம் பார்த்தார். "டிபார்ட்மென்ட் ஹெட் பதவிக்கு அவர் பேரைத்தான் யோசிச்சிருந்தேன். பேசிட்டுப் போலாம்னு வந்தேன். பரவாயில்ல, வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

அவர் போனதும் மின்கியு உதட்டைப் பிதுக்கிக்கொண்டே தன் பையை எடுத்தான். "வேணும் அவருக்கு."

வேணும்தான் என்று சோராவும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

ரயில் நிலையத்தில் கார்டை எடுக்கப் பைக்குள் கை விட்டபோதுதான் போனை மேஜையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. காப்பகத்திலிருந்து கூப்பிட்டால்? அடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

குவாக் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு கையில் கடையில் வாங்கிய கிம்பாப் சோற்றுச் சுருளோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அவள் பாதியில் விட்டுப் போன புசான் ஆர்டர். இப்படி அரைகுறையாகக் கிடப்பதையெல்லாம் மின்கியுதான் காலையில் சீக்கிரம் வந்து முடிக்கிறான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"சார், நீங்க வீட்டுக்குப் போகலையா?"

குவாக் திருட்டு முழி முழித்தார். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார்.

"கீழ காபிக் கடையில உக்காந்திருப்பேன்ம்மா. நீங்கல்லாம் போனதும் மேல வந்துடுவேன்."

"தினமுமா?"

"நான் இங்க இருந்தா நீங்க ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டீங்களே. 'கிளம்புங்க'ன்னு சொன்னாக்கூட 'பரவாயில்ல சார்'னு உக்காந்துக்குவீங்க. நானும் அப்படி உக்காந்தவன்தான். என் பொண்ணு வளர்ந்ததையே நான் பார்த்ததில்ல."

ஜி.எம். வந்ததையும் தான் சொன்னதையும் சோரா ஒன்றுவிடாமல் சொன்னாள். நாடகம் நேற்றே முடிந்துவிட்டதையும் சொன்னாள்.

குவாக் கையிலிருந்த கிம்பாப்பை மேஜையில் வைத்தார். அந்தப் பதவிக்கு அவர் எவ்வளவு காலமாகக் காத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நாளைக்கே ஜி.எம்.கிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன் சார். என்னாலதானே போச்சு."

"வேண்டாம். விஷயம் வெளிய வந்துட்டா, பெரியவர் கீழ காத்துக்கிட்டு இருக்காரேன்னு எல்லாரும் இங்கயே உக்காந்துடுவாங்க. அப்புறம் நான் போயும் பிரயோஜனம் இல்ல." அவள் மேஜையில் கிடந்த போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "ஓடுங்க, குழந்தை பார்த்துக்கிட்டு நிக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கதவு வரை போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சோரா, அடுத்ததா என்ன நாடகம் போடறான்? பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு ஆறு மணிக்கு வேணும்."