பத்துக்கு நாலரை

படித்து முடித்த நாவலுக்கெல்லாம் டைரியில் பத்துக்கு மதிப்பெண் போட்டு வைப்பது எழில்மொழியின் வழக்கம். இந்தக் காதல் நாவலுக்கு மட்டும் மூன்று முறை போட்டு, மூன்று முறையும் அடித்துவிட்டு, நாலாவதாக ஒன்றைப் போட்டிருந்தாள்.

மாலை தட்டச்சு வகுப்பு முடிந்து பாபநாசத்தில் பஸ் ஏறியதும், அதை இரவல் கொடுத்த, அதே வகுப்பில் படிக்கும் சேரனிடமே புத்தகத்தை நீட்டினாள்.

“கடைசியா எவ்வளவு போட்டீங்க?”

“நாலரை. முக்கால்வாசி அழ வச்சுட்டு முடிவுல ஏமாத்திட்டாங்க. அவன் ஊரை விட்டே கிளம்புறான். மனசுல இருக்கறதை அவ ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? இப்படி ஒரு பொண்ணு எங்கங்க இருப்பா?”

“அவனும்தான் கேக்கலையே.”

“அவன் ஒரு மக்கு.”

சேரன் சிரித்தான். “இருக்கலாங்க.”

சாலையில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்ததால் பஸ் ஊர்ந்து போனது. பகலெல்லாம் ஜவுளிக்கடை வேலையில் நின்ற கால் அவளுக்கு வலித்தது. எழில்மொழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண்டக்டர் பக்கத்தில் வரவும் பையில் சில்லறை தேட ஆரம்பித்துவிட்டாள்.

அவன் இறங்கும் இடம் வந்தது.

“வர்றேன், எழில்.”

“மழை வர்ற மாதிரி இருக்கு. பாத்துப் போங்க.”

வாய்க்கால் கரையில் நடந்தவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தாள். அன்றைய தேதியில், போன வாரமே அவள் எழுதி வைத்திருந்தது அப்படியே இருந்தது:

‘சேரனுக்கு இன்றோடு வகுப்பு முடிகிறது. நாளைக் காலை திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம். பஸ்ஸிலேயே சொல்லிவிட வேண்டும்.’

எழில்மொழி பக்கத்தைத் திருப்பினாள். நாலரையை அடித்துவிட்டுப் பத்து என்று போட்டாள்.