ஏழாவது இடம்

கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத உதவும் எடிட்டர் மென்பொருளுக்கு மருமகள் சுதாராணி புது வசதி செய்துகொண்டிருந்தாள். ஒரு பெயரை ஓரிடத்தில் மாற்றினால், அது வருகிற எல்லா இடத்திலும் மாறிவிடும். சோதித்துப் பார்க்க மாமனார் பூவனநாதனின் பெயரைப் போட்டிருந்தாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்.

“வாயால சொல்ல மாட்டே, மிஷின்ல எழுதுவியாக்கும்? எடுத்துப்போடு ஏட்டி. எம்பேரை வச்சு என்ன களவு நடக்குதோ!”

“ஆறு எடத்துலதான் மாமா இருக்கு. இந்தா மாத்துதேன்.”

அந்தப் பெயருக்குப் பதில் ‘யாரோ’ என்று அடித்தாள். ‘7 இடங்களில் மாற்றப்பட்டது’ என்றது திரை.

“ஆறுன்னியே?”

அவள் மறுபடி எண்ணினாள். ஆறுதான். நம்பாமல், தானே எண்ணிப் பார்க்கத் திரைப்பக்கம் கையை நீட்டினார் மாமனார்.

கழுகுமலைத் திருவிழாவில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் முன்கையில் தன் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். பச்சை பழையபடி மங்கலாகவே இருந்தது. எழுத்துக்கூட்டினார்.

யா. ரோ.