ஆண்டிறுதிப் பெட்டி

"நித்தாகிட்டேருந்து வந்துடுச்சு, பார்த்தியா!"

முன்பு தன்னிடம் வேலை பார்த்த நித்தா, ஒசாகாவிலிருந்து அனுப்பிய ஆண்டிறுதிப் பரிசுப் பெட்டியைக் குராமோச்சி மனைவியிடம் பெருமையாக நீட்டினார்.

"வழக்கமான தேயிலைதாங்க," என்றாள் ஃபுமியே.

"இருக்கட்டுமே. இந்தக் காலத்துல பரிசுங்கறது கடைக்காரன் வியாபாரமாப் போச்சு. எவன்டி தானே போய்ப் பார்த்து வாங்குறான்? இவன் மரியாதை தெரிஞ்சவன்."

பெட்டி வந்த அன்றே நன்றி சொல்வதுதான் முறை. போன் போட்டார். நித்தாவின் மனைவி எடுத்தாள்.

"மன்னிக்கணும் ஐயா. அவர் கோடையிலேயே தவறிட்டாருங்க. சொந்தக்காரங்களைத் தவிர யாருக்கும் சொல்லல. கடையில போன வருஷ ஆர்டரையே திரும்ப அனுப்பிட்டாங்க போல."

குராமோச்சி அவசரமாக இரங்கல் சொன்னார்.

"உங்க பெட்டியும் காலையில வந்துச்சுங்க. அவர் பேருக்கு, சுபகாரியச் சிவப்பு நாடா கட்டி. நாடாவைக் கழட்டிட்டு அவர் படத்துக்கு முன்னால வச்சிருக்கேன்."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"நித்தாவுக்கு நாம என்னடி அனுப்பினோம்?"

"எனக்கென்ன தெரியும்? வருஷா வருஷம் நீயே பார்த்து அனுப்பிடுன்னு கடைக்காரன்கிட்ட சொல்லி வச்சது நீங்கதானே? அவனைக் கேளுங்க."