போய் முடியட்டும்

சிவகாசியில் பத்துத் தெருக்களுக்கு இன்டர்நெட் லைன் கொடுக்கும் மஹ்ரீன், தன் மோடத்தைக் கழற்றிக்கொண்டு போக ஓர் அச்சக மாடிக்கு வந்திருக்கிறாள். பாதி விலைக்கு வந்த புதிய கம்பெனியின் பெட்டி மேசையில் பிரிக்காமல் இருக்கிறது. மோடத்துக்குக் கையை நீட்டியவள் கணினித் திரையைப் பார்த்து நின்றுவிடுகிறாள். மத்தாப்புப் பெட்டியின் லேபிள் படம் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, எண்பத்தேழு சதவீதம். மோடத்தின் பச்சை விளக்குகள் விடாமல் துடிக்கின்றன. கீழே அச்சு இயந்திரம் ஓட, தரை மெல்ல அதிர்கிறது. "கழட்டிக்கோ தாயி, பெறகு அனுப்பிக்கிறேன்" என்கிறார் அச்சக முதலாளி முத்துப்பாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல். "போய் முடியட்டும் அண்ணாச்சி. எங்க லைன்ல ஏறுனது பாதியில நிக்கக் கூடாது." "நீயும் வெலையக் கொறச்சா நான் ஏன் மாறப் போறேன்?" "கொறச்சா, மழையில லைன் அந்துச்சுன்னா ஏறிக் கட்ட ஆளு வைக்க முடியாது. கூப்பிட்டதும் வர முடியலைன்னா எதுக்கு லைன் குடுக்கணும்?" அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போடுகிறார். அவள் உட்காரவில்லை. படம் போய்ச் சேர்ந்ததும் மோடத்தைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, அது இருந்த இடத்துத் தூசியைத் துப்பட்டா நுனியால் துடைக்கிறாள். முத்துப்பாண்டி எழுந்து வாசல் வரை கூடவே வருகிறார். தெருவில் இறங்கியவள் அண்ணாந்து பார்க்கிறாள். அத்தாவோடு சேர்ந்து அவள் இழுத்துக் கட்டிய கறுப்பு ஒயர், மொட்டைமாடிகளுக்கு மேல் வெயிலில் பளபளத்தபடி, அடுத்த அச்சகத்துக்குப் போகிறது.